போன் அடிக்காத ராத்திரியும் வேலை ராத்திரிதான்

"இந்த வாரம் அலர்ட்டே வரலையே, அப்புறம் எதுக்குக் காம்ப்-ஆஃப் லீவு?"

சர்வர் கோளாறு என்று அலர்ட் வந்தால் எந்நேரமும் எழுந்து பார்க்க ஐடி ஆட்கள் முறை வைத்துக் காத்திருப்பதுதான் ஆன்-கால் ரோட்டேஷன். அது போடுகிற இடமெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. கேட்பவர் கெட்டவரில்லை. எத்தனை பேஜ் (ஆளை எழுப்பும் அவசர அலர்ட்) வந்தது என்று மட்டுமே எண்ணிப் பழகிவிட்டார். பதில் சொல்லி அலுத்துவிட்டதால் இந்த முறை நீட்டியே சொல்கிறேன்.

ஐந்து நிமிடத்தில் அக்னாலெட்ஜ் (அலர்ட்டைப் பார்த்துவிட்டேன் என்ற பதில்), பதினைந்து நிமிடத்தில் லாகின் என்பது வழக்கமான விதி. அந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தைக் கற்பனை செய்து பாருங்கள். சினிமா கிடையாது. ஊரில் கல்யாணம் என்றால் மண்டபத்தில் சிக்னல் இருக்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். காய்கறி வாங்கப் போனாலும் லேப்டாப் பை தோளில். குளிக்கும்போது போன் பாத்ரூம் ஜன்னல் திட்டில். இதில் எந்த மணி நேரத்தை 'ஓய்வு' என்று எழுதப் போகிறீர்கள்?

பெல்ஜியத்தின் நிவெல் நகரில் ஒரு தீயணைப்பு வீரர் இதையேதான் கேட்டார். அழைத்தால் 8 நிமிடத்தில் நிலையத்துக்கு வந்து சேர வேண்டும் என்பது அவருக்கு இருந்த கட்டுப்பாடு. வீட்டில் காத்திருந்த அந்த நேரமும் வேலை நேரமே என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொன்னது. மாட்சாக் வழக்கு என்பார்கள். எல்லாக் காத்திருப்பும் வேலை நேரமாகிவிடாது, கட்டுப்பாடு ஒருவரின் சொந்த நேரத்தை எவ்வளவு முடக்குகிறது என்று பார்க்க வேண்டும் என 2021 தீர்ப்புகள் தெளிவாக்கின. அது சென்னையிலோ கோவையிலோ செல்லாது, தெரியும். நம் மக்களவையில் 2018இல் வந்த 'வேலைத் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை' தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. அதனால்தான் டீமுக்குள் எழுதி வைத்த விதி அவசியம்: காத்திருந்த ராத்திரிக்கு ஒரு தொகை, எழுந்த ராத்திரிக்குத் தனியாக ஒரு தொகை, மறுநாள் தாமதமாக வர அனுமதி. வாய்மொழி ஒப்பந்தம் மேனேஜர் மாறும்போது அவரோடு போய்விடும்.

"தூங்கத்தானே செய்தான்?" என்பது அடுத்த வாதம். கப்பல் எஞ்சின் பொறியாளர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்த ஆய்வொன்று 1988இல் வெளியானது. அழைப்புக்குக் காத்திருந்த ராத்திரிகளில் அவர்களின் ஆழ்ந்த தூக்கம் குறைந்திருந்தது, அதுவும் அலாரம் அடிப்பதற்கு முன்பே. காதைத் தீட்டிக்கொண்டு படுப்பது தூக்கமல்ல.

இதெல்லாம் கருணைக் கணக்கு என்று நினைப்பவர்களுக்காக டேட்டா கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவர் அளவுக்கு இறங்குகிறது என்று 1997இல் ஓர் ஆய்வு காட்டியது. இந்தியாவில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.03. ஸ்கூட்டர் சாவி கொடுக்க மாட்டோம், வாடிக்கையாளர் டேட்டா இருக்கும் ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸின் முழு அதிகார ரூட் பாஸ்வேர்டு கொடுப்போம்.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் கோடைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது பொதுவெளியில் விரிவாகவே இருக்கிறது. நேரமாகிவிட்டது, கிளம்புகிறேன் என்று சொல்லியிருந்த பொறியாளர், டேட்டாபேஸ் நகலெடுப்பு தகராறு செய்ததால் உட்கார்ந்தார். துணை சர்வரில் அழிக்க வேண்டிய ஃபோல்டரை முதன்மை சர்வரில் அழித்தார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப் பல நாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள் போய்ச் சேரவேயில்லை. சுமார் 6 மணி நேர டேட்டா போயிற்று. அந்த நிறுவனம் ஆளைப் பலி கொடுக்காமல் முறைகளைத் திருத்தியது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

ஆகவே நடு ராத்திரியில் மூன்று வேலைக்குத்தான் அனுமதி: ரோல்பேக் (பழைய பதிப்புக்குத் திரும்புவது), ரீஸ்டார்ட், டிராஃபிக்கை வேறு பக்கம் திருப்புவது. டேட்டாவைச் சரிசெய்வது, டேட்டாபேஸ் டேபிளை மாற்றுவது எல்லாம் விடிந்த பிறகு. அழித்தே ஆக வேண்டுமென்றால் செகண்டரியை, அதாவது ப்ரைமரிக்குத் துணையாக ஆன்-காலில் இருக்கும் இரண்டாம் ஆளை, எழுப்புங்கள். கட்டளையை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சர்வர் பெயரைப் பார்க்கட்டும். ப்ரொடக்‌ஷன் டெர்மினலுக்குச் சிவப்புப் பின்னணி வைக்க இரண்டு நிமிடம் ஆகாது. ஏன் இன்னும் வைக்கவில்லை?

ஆள் கணக்குக்கு வருவோம். ப்ரைமரி, செகண்டரி இரண்டும் வைத்து நான்கு பேர் டீம் என்றால் ஆளுக்கு வருடத்தில் 26 வாரம் ஆன்-கால். எட்டுப் பேர் என்றால் 13. கூகுள் தன் ஒரே இட டீம்களுக்குக் குறைந்தது எட்டுப் பேர் என்று சொல்வது இந்தக் கணக்கில்தான். 12 மணி நேர ஷிஃப்டுக்கு இரண்டு சம்பவத்துக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. நான்கு பேரை வைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் 99.99 சதவீத நேரம் சேவை இயங்கும் என்று கையெழுத்துப் போடுகிறார்கள். 30 நாள் மாதத்துக்கு அனுமதிக்கப்பட்ட முடக்கம் 4.32 நிமிடம். கண்ணைக் கசக்கி, விபிஎன் போட்டு, ஓடிபி அடிப்பதற்குள் தீர்ந்துவிடும். அந்த வாக்குறுதியைக் காப்பாற்ற வேண்டியது தானியங்கி ஃபெயில்ஓவர், அதாவது ஒரு சர்வர் விழுந்தால் தானாகவே இன்னொன்றுக்கு மாறுவது. ஆளின் தூக்கத்தை அதற்கு அடகு வைக்காதீர்கள்.

'சிபியூ 80 சதவீதம்' என்ற அலர்ட்டுக்கு யாரையும் எழுப்பாதீர்கள். எழுந்தவர் உடனே செய்ய ஏதுமில்லை என்றால் அது டிக்கெட், அதாவது வேலை நேரத்தில் பார்க்கப் பதிந்து வைக்கும் குறிப்பு. 'டிஸ்க் இன்னும் 4 மணி நேரத்தில் நிரம்பும்' என்பது பேஜ். 'சான்றிதழ் 20 நாளில் காலாவதி' என்பது டிக்கெட். வந்த அலர்ட் எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை எடுத்து வைத்து, எதுவும் செய்யாமல் மூடியவற்றை நீக்குங்கள்.

வீட்டிலிருந்து ஆன்-கால் பார்ப்பவர்களே, இன்வெர்ட்டர் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். மோடம் எந்தப் பிளக்கில் இருக்கிறது? இன்வெர்ட்டர் லைனில் இல்லாத பிளக் என்றால் ரவுட்டருக்குத் தனியாக மினி யுபிஎஸ் வாங்குங்கள்; அடாப்டரில் எழுதியிருக்கிற வோல்ட், ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள். ஃபைபர் பெட்டி தனி, வைஃபை பெட்டி தனி என்றால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். ஹாட்ஸ்பாட்டுக்கு வேறு நிறுவன சிம். கரண்ட் போனால் தெருவே மொபைல் டேட்டாவுக்குத் தாவும், வேகம் படுத்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பேஜர் ஆப், ஓடிபி, ஹாட்ஸ்பாட் மூன்றும் ஒரே போனில் என்றால் அந்த போன் செத்ததும் நீங்களும் இல்லை. ஓடிபி இல்லாமல் உள்ளே நுழைய உதவும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள். சில போன்கள் பேட்டரி மிச்சம் பிடிப்பதாகச் சொல்லி பேஜர் ஆப்பையே உறங்க வைத்துவிடும். அந்த அமைப்பை அணையுங்கள், நோட்டிஃபிகேஷனுக்கு மேல் போன் அழைப்பும் வரும்படி வையுங்கள்.

அமெரிக்க டீமோடு வேலை என்றால் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் காலண்டரில் குறித்திருக்கட்டும். நியூயார்க்கின் காலை 9 மணி நமக்குக் கோடையில் மாலை 6:30, குளிரில் 7:30. நடுவில் காணாமல் போகிற ஒரு மணி நேரத்தில் ஷிஃப்டுக்கு ஆளே இல்லாமல் போவது வருடா வருடம் நடக்கிறது.

ஆன்-கால் பொறுப்பின் கைமாற்றம் வார நாள் காலையில் நடக்கட்டும், வெள்ளி மாலையில் வேண்டாம். புதியவரின் போனுக்கு ஒரு சோதனை அலர்ட் விடுங்கள். அடித்து, அவர் அக்னாலெட்ஜ் செய்யும்வரை பழைய ஆளே பொறுப்பு.

டீம் லீடுகளிடம் ஒரு வேண்டுகோள். மூன்று மணிக்கு எழுந்து ஐந்து மணிக்குப் படுத்தவரைப் பத்து மணி ஸ்டாண்ட்அப் மீட்டிங்கில் கேமரா போடச் சொல்லாதீர்கள். அவரே வந்து உட்கார்ந்தாலும், போய்ப் படுப்பா என்று நீங்களே அனுப்பி வையுங்கள்.