கடல் எதிரே இருக்க, உப்பு எதற்கு?

திருவொற்றியூரில் ஒரு வீட்டில் கடல் மீன் தொட்டி வைக்கப் போயிருந்தேன். உப்பு வாளியை இறக்கி வைத்ததும் அந்த வீட்டுப் பாட்டி கேட்டார்: "ரோட்டத் தாண்டினா கடல். ரெண்டு குடம் மொண்டு ஊத்தாம, காசு குடுத்து உப்பு வாங்கிக் கரைக்கிறியே தம்பி?"

நியாயமான கேள்விதான். தொட்டி பராமரிக்கும் இந்த வேலையில் வடசென்னை முழுக்க இதையே வேறு வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறேன்.

நம் கரையோரத் தண்ணீரில் உப்பு மட்டும் இல்லை. கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலோடு சேர்கிறது. அனல்மின் நிலையங்களின் சாம்பலும் மணலித் தொழிற்சாலைகளின் கழிவும் அந்தக் கழிமுகம் வழியாகத்தான் வெளியே போகின்றன. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கழிமுகத்தில் படிந்ததையும் நாம் கண்ணால் பார்த்தோம். இதெல்லாம் இல்லாத நாளில்கூட ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரக் கடலின் உப்பு சட்டென்று குறைந்துவிடும். சேற்றுக் கலங்கலைச் சொல்லவே வேண்டாம்.

படகில் போகிறவர்கள் ஆழ்கடலிலிருந்து கொண்டுவந்தால்? நல்ல தண்ணீர் கிடைக்கலாம். காசிமேட்டில் ஒரு வாடிக்கையாளர் அப்படித்தான் மச்சான் படகில் நான்கு கேன் வரவழைத்தார். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர். தொட்டியில் ஊற்றிய சிறிது நேரத்தில் மேற்பரப்பில் வானவில் நிறம் மிதந்தது. அந்தக் கேன்களில் ஒன்று முந்தின மாதம் வரை டீசல் கேன். கேன் சுத்தமாக இருந்தாலும் இன்னொரு தொல்லை உண்டு: மூடிய கேனுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் செத்து அழுகி, வீடு வந்து சேர்வதற்குள் அம்மோனியா ஏறிவிடும்.

ஆக, நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். எதுவும் கலக்காத தண்ணீரில் தொடங்குங்கள். வேண்டியதை நாமே போட்டுக்கொள்வோம்.

போர் தண்ணீர் வைத்திருப்பவர்கள் "ஏற்கெனவே உப்புக் கரிக்குதே, பாதி வேலை முடிஞ்சுதே" என்பார்கள். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது உண்மை. ஆனால் 2,000 டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு) காட்டும் போர் தண்ணீர் வாய்க்குத்தான் உப்பு. கடல்நீர் கிட்டத்தட்ட 35,000. அந்த 2,000-க்குள் சிலிக்காவா, நைட்ரேட்டா, இரும்பா என்று டிடிஎஸ் மீட்டர் சொல்லாது. கண்ணாடியில் பழுப்புப் பாசி படிந்து, துடைத்தாலும் மறுநாள் வந்து நின்றால் முதலில் சிலிக்காவைச் சந்தேகப்படுங்கள்.

லாரி தண்ணீரும் மெட்ரோ தண்ணீரும் குளோரின் போட்டு வருபவை. கொளத்தூரில் தங்கமீன் வாங்கி வளர்த்துப் பழகியவர்கள் ஒரு நாள் வாளியில் வைத்திருந்து ஊற்றுவார்கள். நன்னீர் மீனுக்குப் பெரும்பாலும் அது போதும். குளோரின் போனாலும் மற்றவை அப்படியே இருப்பதால் கடல் தொட்டியில் வளரும் பவளத்துக்குப் போதாது.

அப்புறம் ஆர்ஓ. இங்கேதான் படித்தவர்களும் தவறுகிறார்கள், நானும் ஒருமுறை தவறினேன்.

பெரம்பூரில் ஒரு தொட்டி. இரண்டு கோமாளி மீன், ஒரு கடல் சாமந்தி, நான்கைந்து நத்தை, இரண்டு இறால். ஒன்றரை வருடம் நன்றாக ஓடியது. திடீரென்று நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று மணலில் விழுந்தன. அடுத்து இறால் போனது. சாமந்தி சுருங்கி, சூம்பிய எலுமிச்சை மாதிரி ஆகிவிட்டது. மீன்கள் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல இரை கேட்டுக்கொண்டு மேலே வந்தன. உப்பு, அம்மோனியா, நைட்ரேட் எல்லாம் பார்த்தேன், எல்லாம் சரி. உப்பைத்தான் சந்தேகித்து வேறு பிராண்டு மாற்றச் சொன்னேன். வீண் செலவு. மூன்றாவது முறை போனபோது அந்த அம்மா காபி போட எழுந்தார். சமையலறைச் சுவரில் புதிய ஆர்ஓ மெஷின், முகப்பில் பளபளவென்று செம்பு நிறம். "உடம்புக்கு நல்லதுன்னு போன மாசம்தான் காப்பர் உள்ளதா மாத்தினோம் சார்," என்றார். தொட்டிக்கும் அந்தத் தண்ணீர்தான் போயிருக்கிறது.

மனிதருக்குத் தீங்கில்லாத அளவு செம்பே நத்தை, இறால், பவளம், சாமந்தி போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு விஷம். மீன் கொஞ்சம் தாங்கும். அதனால்தான் மீனின் ஒட்டுண்ணி நோய்க்குத் தனித் தொட்டியில் அளந்து செம்பு மருந்தே போடுகிறோம். செம்பு கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்லக் கசியும். அந்தத் தொட்டியின் கல், மணல் முழுவதையும் மாற்றவேண்டி வந்தது.

செம்பு இல்லாத வீட்டு ஆர்ஓவிலும் ருசிக்காக, ஆர்ஓவில் வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும் திருகு ஒன்று பெரும்பாலும் இருக்கும். சிலவற்றில் மினரல் கேட்ரிட்ஜும் உண்டு. கேன் தண்ணீரும் அதே கதை. குடிப்பதற்கு நல்லது, தொட்டிக்கு அல்ல. தொட்டிக்கென்று சாதாரண ஆர்ஓ ஒன்றை வைத்து, கடைசியில் மிச்சமிருக்கும் தாதுக்களையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் மாட்டி, டிடிஎஸ் மீட்டரில் 0 வரவேண்டும். 5, 6 என்று ஏறத் தொடங்கினால் ரெசின் மாற்றும் நேரம்.

உப்பு என்று நான் சொல்வது தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவை. சமையல் கல் உப்பில் சோடியம் குளோரைடுதான் கிட்டத்தட்ட முழுவதும். பவளம் எலும்பு கட்ட வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் அதில் போதாது. 20 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 700 முதல் 760 கிராம். தண்ணீரை முதலில் ஊற்றி, மோட்டார் ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்து வீணாகும். ஒரு நாள் சுழன்ற பிறகு, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு), அல்லது ஒப்படர்த்தி 1.026 பக்கம் வந்தால் சரி.

எனக்கே சிரிப்பு வரும் விஷயம் ஒன்று உண்டு. கடல்நீரிலிருந்து உப்பை எடுத்து ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனுள்ள ஆலை ஒன்று காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கப்பட்டது. அந்தத் தண்ணீர் வடசென்னைக் குழாய்க்கென்றே. மிச்சமிருக்கும் உப்பையும் நான் எடுத்துவிட்டு, மறுபடி உப்புப் போட்டுக் கடலாக்குகிறேன்.

ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக உப்புத் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். என் வீட்டு 150 லிட்டர் தொட்டியில், மே மாதத்தில் விசிறி போட்டால் ஒரு நாளைக்கு 3 லிட்டர் போய்விடும். அதை உப்புத் தண்ணீரால் நிரப்பினால் பத்தே நாளில் 35 என்பது 42 ஆகிவிடும்.

திருவொற்றியூர் வீட்டில் கண்ணாடியின் ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் பாட்டிதான் உப்புப் போடாத, டிஐ வழியாக வந்த தண்ணீரை மொண்டு ஊற்றுகிறார். குடம் மட்டும் பிளாஸ்டிக். செம்புக் குடத்தை அவரே ஒதுக்கி வைத்துவிட்டார்.