பைனஸ் தோட்டத்தில் எத்தனை வரிசையை வெட்டலாம்?

இலங்கையின் மலைப்பகுதிகளில் பைனஸ் என்னும் ஊசியிலை மரத்துக்கு நல்ல பெயர் கிடையாது. ஊற்றை வற்ற வைக்கும், சட்டென்று தீப்பிடிக்கும், அடியில் எதையும் முளைக்க விடாது என்பார்கள். கடைசிப் புகாரில் மரத்தை நட்ட நெருக்கத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

நெருக்கி நட்ட தோட்டத்தில் கிளைகள் கோத்துக்கொண்டு மேலே மூடிவிடுகின்றன. தரைக்கு வரும் வெயில் சொற்பம். மண்ணின் ஈரத்தை பைனஸ் வேர்கள் முந்திக்கொண்டு உறிஞ்சிவிடும். ஊசியிலைகள் மெதுவாகத்தான் மக்கும் என்பதால் சருகு தடித்துக் கிடக்கும். அதன்மேல் விழும் சிறு விதையின் வேர், மண்ணைத் தொடுவதற்குள் காய்ந்துபோகலாம். இதற்கு வழி ஐதாக்கல், அதாவது சில மரங்களை வெட்டி இடைவெளி விடுவது. சரி, எவ்வளவு வெட்டுவது?

இலங்கையின் சிங்கராஜ மழைக்காட்டின் ஓரத்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். காடு அழிந்து கெக்கில்ல என்னும் பன்னம் (பெரணி) மூடிக் கிடந்த நிலங்களில் கரீபியன் பைனஸ் நடப்பட்டிருந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக்க, சாவித்ரி குணதிலக்க, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் அஷ்டன் ஆகியோர் அடங்கிய குழு, 1990களில் அங்கே ஓரிடத்தில் ஒரு வரிசை மரங்களையும், இன்னோரிடத்தில் அடுத்தடுத்த மூன்று வரிசைகளையும் அகற்றியது. வேறோரிடத்தில் ஒன்றையும் வெட்டவில்லை. நாகமரம் உட்பட ஐந்து மழைக்காட்டு மரங்களின் கன்றுகளை நட்டுக் கவனித்தார்கள். மூன்று வரிசை எடுத்த இடத்தில்தான் கன்றுகள் நன்றாக வளர்ந்தன.

காரணம் வெயிலின் அளவு. ஒரு வரிசையை மட்டும் எடுத்தால், பக்கத்து மரங்களின் கிளைகள் நீண்டு இடைவெளியைச் சீக்கிரமே அடைத்துவிடும். மூன்று வரிசை எடுத்தால் உச்சிவேளையில் நேர் வெயில் விழும். மற்ற நேரங்களில் இருபுறத்து மரங்களும் நிழல் தரும். இயற்கைக் காட்டில் ஒரு பெருமரம் சாய்ந்த இடத்தில் கிடைப்பதும் ஏறக்குறைய இதே வெளிச்சம்தான். இந்த இனங்களின் கன்றுகள் நிழலில் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும், வெயில் வந்ததும் விறுவிறுவென்று உயரும்.

அப்படியானால் முழுவதையும் வெட்டிவிடலாமே என்று தோன்றும். வெட்டினால் வெட்டவெளியை விரும்பும் கெக்கில்ல மறுபடியும் அடர்ந்து கன்றுகளை அமுக்கும், வறண்ட நாட்களில் எளிதில் எரியும். பைனஸை வெறுப்பவர்கள் இதை அவசியம் யோசிக்க வேண்டும். பன்னத்தை அடக்கி வைத்திருப்பது அந்த மரத்தின் நிழல்தான்.

நூற்றுக்கு இத்தனை மரம் என்று கணக்குப் போட்டு வெட்டுவதும் போதாது. அதே எண்ணிக்கையை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்தால் எங்கும் மங்கலான வெளிச்சம்; ஒரே இடத்தில் எடுத்தால் அங்கே நல்ல வெயில், மற்ற இடத்தில் பழைய இருள். பல வகைச் செடிகளுக்கு இடம் கிடைப்பது இந்த ஏற்றத்தாழ்வால்தான்.

அப்புறம் விதை. நாகமரம், ஷோரியா போன்ற மழைக்காட்டு மரங்களின் விதைகள் கனமானவை. தாய்மரத்தை விட்டு அதிகத் தூரம் போகாது, மண்ணில் நெடுநாள் உயிரோடு கிடக்கவும் செய்யாது. பறவையும் வௌவாலும் கொண்டுவரும் சிறுவிதை மரங்கள் தாமாக வந்துவிடும். கனமான விதை மரங்களை நாம்தான் நட வேண்டும். ஆகவே, காட்டிலிருந்து விலகியிருக்கும் தோட்டத்துக்கு சிங்கராஜாவின் மூன்று வரிசைக் கணக்கை அப்படியே கொண்டுபோகக் கூடாது. முதலில் பைனஸுக்கு அடியில் என்ன கன்றுகள் ஏற்கெனவே நிற்கின்றன என்று நடந்து பார்க்க வேண்டும். எந்த வரிசையில் கத்தி வைப்பது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.