ஹெராயின் என்று குறிப்பதற்கு முன்

சென்ற வாரமும் ஒருவர் அதே விடையைத்தான் குறித்தார். "நீண்ட நாள் பழகிய ஒருவர் எதைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து அதிகம்?" என்பது வினா. யோசிக்காமல் ஹெராயினைக் குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட்டார். அதற்கு நேர் கீழே மது இருந்தது. என்னிடம் மாதிரித் தேர்வு எழுதுகிறவர்களில் இதில் வழுக்காதவர்களைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் போதை மீட்பு மையம் ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். வகுப்புக்குப் போகாமலே கல்லூரிப் பாடத்தை முடித்ததாகக் கணக்கில் சேர்க்க உதவும் டிஎஸ்எஸ்டி தேர்வுகளில், போதைப்பொருள் பழக்கம் பற்றிய தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்வதும் உண்டு. படிப்பைப் பாதியில் விட்டவர்கள், ராணுவத்தில் இருப்பவர்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு பட்டத்தை முடிக்க நினைக்கும் நம் பெண்கள் என்று பலரும் வருகிறார்கள். ஏறக்குறைய நூறு வினாக்கள். 400 மதிப்பெண் எடுத்தால் பட்டத்துக்குச் சேரும் பாட மதிப்பு, அதாவது கிரெடிட், மூன்று வாங்கலாம், ஒரு பருவம் முழுக்க வகுப்பில் உட்காரும் வேலை மிச்சம். உங்கள் கல்லூரி அதை ஏற்குமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இனி என் ஆற்றாமைக்கு வருகிறேன். ஹெராயினோ, அதே அபின் வகையைச் சேர்ந்த ஃபென்டனிலோ பழகியவர் அதை நிறுத்தும்போது படும் பாடு பார்க்கச் சகிக்காது. மூக்கு ஒழுகும், வாந்தியும் பேதியும் போகும், எலும்பெல்லாம் குடையும். "செத்துவிடுவேன்" என்று கத்துவார். நீர்ச்சத்து இறங்காமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சாக மாட்டார். அவருக்கு உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான் வரும். உடல் பழக்கம் விட்டிருக்கும்போது பழைய அளவையே மறுபடி எடுப்பார், மூச்சு நின்றுவிடும்.

மது அப்படியல்ல. பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை உள்ள காலம் பொல்லாதது. புத்தி தடுமாறும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காய்ச்சலும் வியர்வையும் படபடப்பும் சேர்ந்துகொள்ளும். மருத்துவம் கிடைக்காவிட்டால் உயிர் போகலாம். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் பென்சோடையசெபைன் வகை மாத்திரைகளுக்கும், பழைய தூக்க மருந்துகளான பார்பிட்யூரேட்டுகளுக்கும் இதே கதைதான். மூளையை அடக்கி வைத்த ஒன்றை ஒரே நாளில் விலக்குவது, கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் திடீரெனக் கையை விடுவதைப் போன்றது.

இவ்வளவு சொன்ன பிறகும் "ஹெராயின்தானே பெரிய போதை?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சட்டம் எதைக் கடுமையாகத் தடுக்கிறதோ அதுவே உடலுக்கும் மிகக் கொடியது என்ற எண்ணம் அவர்களுக்கு. 1970இல் வந்த அமெரிக்கச் சட்டம் போதைப்பொருட்களை ஐந்து அட்டவணைகளாகப் பிரித்தது. ஹெராயின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பென்சோடையசெபைன்கள் நான்காவதில். மதுவும் புகையிலையும் எந்த அட்டவணையிலும் இல்லை. எது எந்த அட்டவணையில் இருக்கிறது என்று தேர்வில் கேட்பார்கள், படித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வரிசையை வைத்து எதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஊகிக்காதீர்கள்.

இதற்கு நான் ஏன் இவ்வளவு கோபப்பட வேண்டும்? ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்தார் ஒரு பெரியவர். ஊரில் இருக்கும்போது தினமும் இரவில் ஒரு குவார்ட்டர். அது 180 மில்லி. ஒரு பானத்துக்கு 14 கிராம் ஆல்கஹால் என்ற அமெரிக்கக் கணக்கில் நான்கு பானங்களைத் தாண்டுகிறது. (இந்தக் கணக்கும் தேர்வில் வரும்.) மருமகளுக்கு முன்னால் கேட்கக் கூச்சப்பட்டு, வந்த அன்றே நிறுத்திவிட்டார். கை நடுங்கியது, குளிர் என்றார்கள். தூக்கம் வரவில்லை, நேர மாற்றம் என்றார்கள். மூன்றாம் நாள் போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி மருமகளின் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். "மாமா, இங்கே ஒன்றும் இல்லையே" என்று அந்தப் பெண் அழுதது தொலைபேசியில் எனக்குக் கேட்டது. மகனோ, "அப்பா மூன்று நாளாகக் குடிக்கவே இல்லை சார்" என்று நல்ல செய்தி போலச் சொன்னார். முதலில் ஆம்புலன்ஸை அழைக்கச் சொன்னேன், மற்றதையெல்லாம் பிறகுதான் விசாரித்தேன். பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

தேர்வில் வேறு எங்கே சறுக்குகிறார்கள் என்றால், மருந்துகளில். குடியை விடக் கொடுக்கும் டைசல்ஃபிரம் என்ற மருந்து, குடிக்கும் ஆசையைக் குறைப்பதில்லை. குடித்தால், மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிடால்டிஹைடு என்ற நச்சு தேங்கி, முகம் சிவந்து வாந்தி வர வைக்கும். ஆசையைத் தணிப்பது நால்ட்ரெக்சோன். அபின் வகைப் பொருள் உடலில் இருக்கும்போதே அதைக் கொடுத்தால் நிறுத்தும்போது வரும் அவதி ஒரேயடியாகக் கிளம்பும். மெத்தடோனும் புப்ரெனார்ஃபினும் அபின் வகைப் பழக்கத்துக்கான தொடர் சிகிச்சைக்கு உரியவை. நலோக்சோன், அபின் வகைப் பொருள் அளவு மீறி நின்றுபோகும் மூச்சை மீட்பதற்கு. அதன் வேலை ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடலாம், ஃபென்டனில் அதற்குப் பிறகும் உள்ளே இருக்கலாம். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். 2023 முதல் மூக்கில் அடிக்கும் நலோக்சோன் மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது.

காபியும் குளிர்ந்த நீரும் போதையைத் தெளிய வைக்கும் என்று தயவுசெய்து குறிக்காதீர்கள். கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும், தோராயமாக மணிக்கு ஒரு பானம். தேர்வு அமைப்பே வெளியிடும் பாடத்திட்டத் தாளை அச்செடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். மனச்சோர்வு மருந்துகளும் மனநோய் மருந்துகளும் அதில் இருப்பது பலருக்குத் தெரிவதே இல்லை. "எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன், படிக்க வேண்டாம்" என்று வருகிறவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். பார்த்தது ஒருவரை, கேட்பது பத்து வகைப் பொருட்களை. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, எதையும் வெற்றாக விடாதீர்கள். தோற்றால் மறுபடி எழுத 30 நாள் காத்திருக்க வேண்டும்.

இதைப் படித்த கையோடு வீட்டில் தினமும் குடிப்பவரிடம் "நாளையிலிருந்து ஒரு சொட்டும் கூடாது" என்று சொல்லிவிடாதீர்கள். குடியை விடத்தான் வேண்டும், ஆனால் மருத்துவரின் கண்காணிப்பில். எவ்வளவு குடிக்கிறார், எத்தனை ஆண்டுகளாக, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, தூக்க மாத்திரை எதுவும் சேர்த்துப் போடுகிறாரா என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவரிடம் சொல்ல வெட்கப்பட்டு, இரண்டு குவார்ட்டரை "எப்போதாவது கொஞ்சம்" என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள்.