சோதனைக்குப் போனால் காசு: ‘எக்ஸ்பெரிமென்ட்’ என்பதற்குத் தமிழ் என்ன?

வன்னியில், முரசுமோட்டையில் இருக்கும் அக்கா போன கிழமை இரவு பத்து மணிக்குக் கோல் எடுத்தா. “தம்பி, இவள் ஜேர்மனியிலை ஏதோ சோதனைக்குப் போனவளாம். போனதுக்குக் காசும் குடுத்தவங்களாம். இரத்தம் கித்தம் எடுத்தவங்களோ எண்டு ஒருக்கா விசாரி.”

இவள் என்றது அக்காவின் மகளை, என் மருமகளை. அவளிடம் கேட்டேன். சிரித்தாள். ஊசியும் இல்லை, குளிசையும் இல்லை. பல்கலைக்கழகத்தில் நடந்த பொருளியல் எக்ஸ்பெரிமென்ட் அது. தடுப்பு வைத்த மேசையில் கணினிக்கு முன் ஒன்றரை மணித்தியாலம் இருந்து, திரையில் கேட்டவற்றுக்குத் தன் தெரிவைப் பதிந்துவிட்டு, உறையில் போட்டுத் தந்த காசோடு வந்திருக்கிறாள். தாய்க்கு விளங்கட்டும் என்று அதைத் தமிழில் ‘சோதனை’ என்று சொன்னதுதான் பிழை.

வன்னியில் சோதனை என்றால் முதலில் ஓ.எல்., ஏ.எல். பரீட்சைகள். அடுத்தது சோதனைச்சாவடி. 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு ஓமந்தையில் பையை அவிழ்த்துக் கொட்டிவிட்டு நின்றவர்களுக்கு, அந்தச் சொல்லைக் கேட்டால் கை இப்போதும் அடையாள அட்டையைத் தேடும். மூன்றாவது, மேலே இருப்பவர் தருவது. மடு மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் சோதனையில் விழவிடாதேயும் என்று செபிப்பார்கள். சைவக்காரர் “இதுவும் ஒரு சோதனை” என்று பெருமூச்சு விடுவார்கள். மூன்றிலும் சரி பிழை சொல்லும் அதிகாரம் வேறொருவர் கையில் இருக்கிறது. நாம் தேற வேண்டும், அல்லது தப்ப வேண்டும்.

சொல்லின் பிறப்பிலேயே அது இருக்கிறது. வடமொழிச் ‘சோதன’ என்பது ‘சுத்தம்’ பிறந்த அதே வேரிலிருந்து வந்தது. தூய்மையாக்குதல், அழுக்கு உண்டா என்று பார்த்தல் என்பதே அடிப்பொருள். ‘பரி’ என்ற முன்னொட்டு சேர்ந்தால் முழுமையாகப் பார்த்தல், பரிசோதனை. பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகம் எக்ஸ்பெரிமென்டைப் பரிசோதனை என்றுதான் சொல்கிறது. ஆனால் ஊரில் அது ஆஸ்பத்திரிச் சொல்: இரத்தப் பரிசோதனை, சலப் பரிசோதனை. அக்காவுக்கு இரத்தம் ஞாபகம் வந்ததில் ஒரு குற்றமும் இல்லை.

எக்ஸ்பெரிமென்டின் மூலம் லத்தீன். ‘எக்ஸ்பெரிரி’ என்றால் முயன்று பார்த்தல். எக்ஸ்பீரியன்ஸ், எக்ஸ்பேர்ட் இரண்டும் அதே குடும்பம். ஆபத்தைக் குறிக்கும் ‘பெரில்’ கூடத் தூரத்து உறவு. அங்கே அழுக்குத் தேடும் வேலை இல்லை, இறங்கிப் பார்க்கும் துணிவுதான் இருக்கிறது.

சரி, அந்த மேசையில் என்னதான் நடக்கிறது? மருமகள் சொன்ன ஒரு விளையாட்டு இது. இரண்டு பேர், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஒருவரிடம் பத்து யூரோ. அதை எப்படிப் பிரிப்பது என்று அவர் சொல்வார். மற்றவர் ஓம் என்றால் அப்படியே பிரியும். மாட்டேன் என்றால் இருவருக்கும் ஒன்றும் இல்லை. 1982இல் மூன்று ஜேர்மன் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையோடு பெயர் பெற்ற விளையாட்டு. கணக்குப்படி பார்த்தால் ஒரு யூரோ தந்தாலும் வாங்கத்தான் வேண்டும், சும்மா வருவதுதானே. ஆனால் மனிதர் அப்படி நடப்பதில்லை. பெரும்பாலானோர் நாற்பது ஐம்பது வீதம் கொடுக்கிறார்கள். இருபது வீதத்துக்குக் குறைத்துக் கொடுத்தால் அநேகமாகப் பாதிப்பேர் உதறிவிடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் கூட்டாகக் காசு போட்டு ஆடு அடித்துப் பங்கிறைச்சி போட்டுப் பழகியவருக்கு இதில் அதிசயம் ஏது? எலும்பை மட்டும் ஒரு பங்கில் தள்ளிப் பார்க்கட்டும், “நீயே கொண்டு போ” என்று எழும்பிப் போகிறவர் எத்தனை பேர்!

இந்த விளையாட்டில் சரியான விடை என்று ஒன்றும் இல்லை. தேறுவதும் இல்லை, விழுவதும் இல்லை. விருப்பமில்லை என்றால் இடையில் எழும்பிப் போகலாம். உளவியல் ஆய்வில் பொய்க் கதை சொல்லிப் பார்த்துவிட்டுப் பிறகு உண்மையை விளக்கும் வழக்கம் உண்டு. பொருளியல் ஆய்வுகூடத்தில் பொய் சொல்லக்கூடாது என்பது எழுதாச் சட்டம். ஒருமுறை பொய் சொன்னால் அடுத்த முறை வருகிறவர் காசு உண்மையில் கிடைக்கும் என்று நம்பமாட்டார். நம்பாவிட்டால் அவருடைய தெரிவுக்குப் பெறுமதி இல்லை. 1956இல் தன் மாணவரை வைத்துச் சந்தை விளையாட்டு நடத்தத் தொடங்கிய அமெரிக்கப் பொருளியலாளர் வேர்னன் ஸ்மித் இந்த முறைக்காக 2002இல் நோபல் பரிசு பெற்றார். எடுக்கும் முடிவுக்கு ஏற்பக் காசு கூடிக் குறைய வேண்டும் என்பதை வற்புறுத்தியவர் அவர்.

இதற்கு என் மொழிபெயர்ப்பு ‘தெரிவாய்வு’. தெரிவு செய்தல் நமக்குப் பழகியது, தேர்தலில் தெரிவத்தாட்சி அலுவலரே இருக்கிறார். ஆய்தல் அதைவிடப் பழகியது: பூ ஆய்வோம், முருங்கைக்காய் ஆய்வோம். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிடுங்குவது. இடத்துக்கு ஆய்வுகூடம் என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: எல்லா எக்ஸ்பெரிமென்டுக்கும் இந்தச் சொல் பொருந்தாது. 2005இல் இலங்கையின் தென்பகுதியில் சிறு தொழில் செய்தவர்களுக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 ரூபா பெறுமதியான உதவி கொடுத்து, தொழிலில் போட்ட முதல் எவ்வளவு வருமானம் தருகிறது என்று பார்த்தார்கள். மாதம் ஐந்து வீதத்தை ஒட்டி வந்தது. அதுவும் எக்ஸ்பெரிமென்ட்தான். ஆனால் அங்கே தெரிவு செய்தது குலுக்கல், மனிதர் அல்ல. அதற்குக் களப் பரிசோதனை என்றே இருக்கட்டும்.

இப்படி ஆய்வுக்குப் போகிறவருக்கு ஆங்கிலத்தில் முன்பு ‘சப்ஜெக்ட்’ என்றார்கள். கீழே போடப்பட்டவர் என்பது அதன் பொருள், அரசனுக்குக் கீழ்ப்பட்ட குடியையும் அதே சொல்லால் அழைப்பார்கள். நமது ‘பங்குபற்றுநர்’ எவ்வளவோ மேல். பங்கைப் பற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர்! நேரத்துக்கு வந்ததற்காக மட்டும் கொடுக்கும் தொகையை ‘வரவுப்படி’ எனலாம். வரவு இடாப்பில் இருக்கும் வரவும், பிரயாணப்படியில் இருக்கும் படியும். ‘வருகைதரு கொடுப்பனவு’ என்று எழுத ஒரு அலுவலகத்துக்குத்தான் மனம் வரும்.

கடைசியாக ஒன்று மிச்சம். திரையில் யூரோ ஓடுவதில்லை, முடிவில் யூரோவாக மாற்றும் ஒரு கணக்குக் காசு ஓடும். அதை மருமகள் ‘புள்ளி’ என்றாள். நான் ‘ஆட்டக்காசு’ என்று சொல்லச் சொன்னேன். அதற்குள் அவள் தாய்க்கு எடுத்து, பயப்பட ஒன்றும் இல்லையம்மா, 340 புள்ளி எடுத்தனான் என்று சொல்லியிருக்கிறாள்.

அக்கா திரும்ப எனக்கு எடுத்தா. “தம்பி, எத்தினைக்கு 340?”