எதிர்க்காற்றில் பாய்மரப் படகு கரை சேர்வது எப்படி?

விடுமுறைக்குக் கடலோர ஊர் ஒன்றுக்குப் போய்வந்த வாசகர் அருமையான கேள்வி ஒன்று கேட்டிருக்கிறார். விடியற்காலையில் கடலைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். காற்று அவர் முதுகில் பட்டு, ஊரிலிருந்து கடல் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. ஆனால் தூரத்தில் தெரிந்த பாய்மரப் படகு, இன்ஜின் சத்தமே இல்லாமல், கொஞ்ச நேரத்தில் ஊருக்கே வந்து சேர்ந்துவிட்டது. காற்று தள்ளித்தானே அந்தப் படகு போகும், காற்று வருகிற பக்கமே எப்படிப் போனது?

காலையில் காற்று ஏன் ஊர்ப்பக்கமிருந்து வீசியது என்பது பள்ளியில் படித்ததுதான். இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது, அதனால் நிலக்காற்று. பகலில் நிலம் சூடேறினால் திசை மாறிக் கடற்காற்று. சரி, படகுக்கு வருவோம்.

காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்மரப் படகாலும் போக முடியாது. அந்தத் திசையிலிருந்து ஏறத்தாழ 45 டிகிரி விலகித்தான் போகும். அதனால் கொஞ்ச தூரம் இடது பக்கம் சாய்வாக ஓடி, மூக்கைத் திருப்பி வலது பக்கம் சாய்வாக ஓடி, மறுபடியும் திரும்பி, மலைப்பாதையில் வண்டி ஏறுவது மாதிரி வளைந்து வளைந்து வரும். நேராக 10 கி.மீ. தூரம் என்றால் படகு சுமார் 14 கி.மீ. ஓட வேண்டும். ஆனாலும் கேள்வி தீரவில்லை பாருங்கள், 45 டிகிரி சாய்வில் போவதும் காற்றை எதிர்த்துப் போவதுதானே?

பாய் இந்த இடத்தில் காற்றைப் பிடித்து வைக்கும் பை இல்லை, செங்குத்தாக நிறுத்திய ஓர் இறக்கை. வளைந்த பாயை ஒட்டி ஓடும் காற்று தானும் வளைந்து திரும்புகிறது. பாய் காற்றைத் திருப்பினால் காற்றும் பாயைத் திருப்பித் தள்ளும், நியூட்டனின் மூன்றாம் விதி. இறக்கையின் இருபுறமும் பிரிந்த காற்று பின்முனையில் ஒரே நேரத்தில் சேர வேண்டும், அதனால்தான் ஒரு பக்கம் வேகம் கூடுகிறது என்ற விளக்கத்தை நீங்களும் எங்காவது படித்திருப்பீர்கள். அது தவறு. வேகமான பக்கத்துக் காற்று மற்றதை முந்திக்கொண்டு முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடும். இந்தத் தவறு இன்னும் பாடமாகச் சொல்லித்தரப்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பிள்ளைகள் அதை நம்பி மனப்பாடம் செய்கிறார்களே.

சரி, பாய்க்கு ஒரு விசை கிடைத்துவிட்டது. அதில் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, சிறு பகுதிதான் முன்னால் இழுக்கிறது. வெறும் தட்டையான தெப்பம் என்றால் அப்படியே பக்கவாட்டில் அடித்துக்கொண்டு போய்விடும். அதைத் தடுப்பது கரையில் நிற்பவர் கண்ணில் படாத பாகம்: படகின் அடியில், தண்ணீருக்குள் கத்தி மாதிரி இறங்கியிருக்கும் தகடு. கீல் என்பார்கள். ஈரச் சோப்பை இரண்டு விரலால் அழுத்தினால் அது முன்னால் துள்ளிப் பாயுமே, கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது. ஒரு விரல் காற்று, இன்னொரு விரல் தண்ணீர்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. கீல் வெறும் தடுப்புச்சுவர் இல்லை, அதுவும் ஓர் இறக்கை. ஆனால் பாய் மாதிரி வளைந்தது இல்லை, இருபக்கமும் ஒரே வடிவம். அப்படிப்பட்ட இறக்கை தண்ணீரை நேராகக் கிழித்துப் போனால் பக்கவாட்டு விசை எதுவும் பிறக்காது. கொஞ்சம் சாய்வாகப் போக வேண்டும். அந்தச் சாய்வு எங்கிருந்து வருகிறது? காற்று தள்ளுவதால் படகு கொஞ்சம் பக்கவாட்டில் நழுவுகிறது, மூக்கு ஒரு திசையைக் காட்ட, படகு அதிலிருந்து நாலைந்து டிகிரி விலகிப் போகிறது. அந்த நழுவல்தான் கீலுக்குச் சாய்வைக் கொடுக்கிறது, சாய்வு விசையைக் கொடுக்கிறது, விசை மேற்கொண்டு நழுவாமல் பிடித்துக்கொள்கிறது! நழுவாத படகால் எதிர்க்காற்றில் போகவே முடியாது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இது நன்றாகத் தெரியும். முதலில் படகு பக்கவாட்டில்தான் அதிகம் போகும், வேகம் பிடித்த பிறகே கீலுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

அவ்வளவு பெரிய பாயை இத்தனை சின்னக் கீல் எப்படிச் சமாளிக்கிறது என்றால், தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. 2012இல் பால் லார்சன் நமீபியாவில் செயில்ராக்கெட் 2 என்ற படகை 65.45 நாட், அதாவது மணிக்கு 121 கி.மீ. வேகத்தில் ஓட்டினார். காற்றின் வேகத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். காற்று பின்னாலிருந்து தள்ளி மட்டுமே ஓடும் படகால் இது முடியாது, காற்றையே முந்திவிட்டால் தள்ள எதுவும் இருக்காது. உலக வணிகச் சரக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கப்பலில்தான் போகிறது, பெரும்பாலும் எண்ணெய் எரித்து. சரக்குக் கப்பலுக்குப் பாய் பொருத்தும் ஆராய்ச்சிக்கு அரசுகள் இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

அப்புறம் வாசகருக்கு ஒன்று. நீங்கள் எதிர்க்காற்று என்று நினைத்தீர்களே, கரை சேர அதுதான் நல்ல காற்று. கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றுதான் மாலுமிகளுக்குப் பயம், எத்தனையோ கப்பல்களைப் பாறையில் மோதவைத்தது அது. பாய்மரப் படகில் பிரேக் கிடையாது. உங்கள் ஊர்ப்பக்கக் காற்றில் வந்த மாலுமி, துறை நெருங்கியதும் சுக்கானைத் திருப்பி, எந்தத் திசையில் படகால் போகவே முடியாதோ அந்தத் திசைக்கு நேராக மூக்கை நிறுத்தியிருப்பார். பாய் படபடவென்று அடித்துக்கொண்டு விசையை இழந்திருக்கும், படகு மிச்சமிருந்த வேகத்தில் மெல்ல ஊர்ந்து வந்து துறையைத் தொட்டு நின்றிருக்கும்.