பாட்டு மோசமில்லை, உங்கள் டேப் ஹெட்தான் கோணல்

போன வாரம் இன்னொரு மஞ்சப்பை வந்தது. உள்ளே முழுக்க கேசட். கொண்டுவந்தவர் சொன்னார்: "எல்லாம் மங்கிப் போச்சு சார். வீட்டு டூ-இன்-ஒன் ரேடியோ டேப்ல போட்டுப் பார்த்துட்டோம். நல்லதா ரெண்டு மூணு இருந்தா பென் டிரைவுல ஏத்திக் குடுங்க, மீதியைத் தூக்கிப் போட்டுடுங்க." போட்டுப் பார்த்த லட்சணம் பையைத் திறந்ததும் தெரிந்தது. வெள்ளையாகப் பூஞ்சை பூத்த நாடாவை அப்படியே மிஷினில் திணித்திருக்கிறார்கள். ஒன்று அறுந்து சுருண்டு கிடந்தது. மற்றவற்றில் பூஞ்சைத் தூள் இழுபட்ட கோடு.

கும்பகோணத்தில் டேப் ரெக்கார்டர், ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு பிளேயர் பழுது பார்க்கிறேன். பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றியும் கொடுக்கிறேன். இந்தத் தொழிலில் என் காது புளித்துப்போன வசனம் ஒன்று உண்டு: "அந்தக் காலத்துப் பதிவு சார், அப்படித்தான் இருக்கும்."

இருக்காதுங்க. இதைக் கொஞ்சம் விளக்கியே ஆகவேண்டும்.

கேசட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அதில் பாதிதான் ஒரு பக்கத்துக்கு. அந்தப் பாதியிலும் இடதுக்கு ஒரு தடம், வலதுக்கு ஒரு தடம். விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் இது ஓடுகிறது. ஹெட் என்பது நாடாவை உரசி ஒலியைப் படிக்கிற உறுப்பு. அதில் படிக்கிற இடைவெளி கண்ணுக்கே தெரியாத மெல்லிய கோடு. அந்தக் கோடு நாடாவுக்கு நேர் செங்குத்தாக நிற்கவேண்டும். துளி சாய்ந்தாலும் முதலில் காணாமல் போவது கீச்சு ஒலிகள்: சிம்பல், ஜால்ரா, பாடகரின் 'ஸ' ஓசை, கிட்டார் கம்பியைச் சுண்டும் சத்தம். போர்வைக்குள் படுத்துக்கொண்டு பாடுவதுபோல ஒன்றுதான் மிஞ்சும். பதிவுசெய்த கடைக்காரர் மிஷினில் ஹெட் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், உங்கள் மிஷினில் இன்னொரு பக்கம். நாடாவில் எல்லாம் பத்திரமாக இருக்கும், உங்கள் காதுக்குத்தான் வராது. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது. கால் சுற்று திருப்பினால் சில கேசட்டுகளுக்கு உயிரே வந்துவிடும். இது தெரியாமல் எத்தனை பாட்டுகளுக்கு மக்கள் தீர்ப்பு எழுதிவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

திருவாரூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். அப்பா சேர்த்த நாகஸ்வரக் கேசட்டுகளை மாற்றவேண்டும் என்று வந்தார். நடுவில் ஒரு சி-60 கேசட். மேலே 'இங்கிலீஷ்' என்று மட்டும் எழுதியிருந்தது. அவர் கல்லூரியில் படித்தபோது சிங்கப்பூர்ச் சித்தப்பா எல்பி ரெக்கார்டிலிருந்து பதிவுசெய்து அனுப்பியதாம். "ஒருதடவை கேட்டேன் தம்பி. ஒரே இரைச்சல். ராக்குன்னாலே இப்படித்தான்னு அன்னிக்கே மூட்டை கட்டிட்டேன். அது வேணாம், தூக்கிப் போடுங்க."

"ரெண்டு நிமிஷம் இருங்க சார்" என்று டெக்கில் போட்டேன். அவர் சொன்ன இரைச்சலேதான். ஸ்க்ரூவைத் திருப்பினேன். முதலில் பியானோ தனியாகப் பிரிந்தது, அப்புறம் பின்னால் மூன்று நான்கு குரல்கள் அடுக்கடுக்காக. வாத்தியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

போனில் தேடியதில் அது ஜோம்பீஸ் என்ற இங்கிலாந்துக் குழுவின் 'ஒடிஸி அண்ட் ஓரக்கிள்' என்ற பாட்டுத் தொகுப்பு என்று தெரிந்தது. 1967-இல் பெரும்பாலும் லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் பதிவானது. 1968-இல் வெளிவருவதற்குள் குழுவே கலைந்துவிட்டது. வந்தபோது பெரிதாக யாரும் சீந்தவில்லை. இன்று ராக் இசையின் சிறந்த தொகுப்புகள் என்று பட்டியல் போடுகிறவர்கள் இதை விடுவதில்லை. ஒலியை இடது, வலது என்று பிரித்து வைக்கிற ஸ்டீரியோ கலவைக்கு ரெக்கார்டு கம்பெனி காசு தராததால், பாட்டுகளை எழுதிய ராட் ஆர்ஜென்ட், கிறிஸ் வைட் இருவரும் கைக்காசு போட்டுச் செய்தார்கள். நம் வாத்தியார் அதை ஒரு ஸ்பீக்கர் செத்துக்கிடந்த டூ-இன்-ஒன்னில் கேட்டிருக்கிறார்!

அதில் மெலோட்ரான் என்று ஒரு வாத்தியம் வருகிறது. பார்த்தால் ஆர்மோனியக் கட்டை போலத்தான் இருக்கும். உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு துண்டு நாடா, அதில் வயலின், புல்லாங்குழல் என்று முன்பே பதிந்த ஒலி. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். அதற்கும் ஹெட் உண்டு, அதையும் துடைக்கவேண்டும். என்னைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் தனி சந்தோஷம்.

முதல் உலகப் போரைப் பற்றிய ஒரு பாட்டில் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கன் வரும். ஒலி லேசாக நடுங்கும். "இந்த இடத்துல நாடா இழுக்குதுன்னு இல்ல நெனச்சேன்!" என்றார் வாத்தியார். நாடா இழுக்கவில்லை, வாத்தியமே அப்படி.

இன்னொன்று. சி-60-இல் ஒரு பக்கம் 30 நிமிடம். தொகுப்போ 35 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. சித்தப்பா ஒரே பக்கத்தில் அடைத்துவிட்டு மறுபக்கத்தில் வேறு எதையோ பதிந்திருக்கிறார். வெட்டுப்பட்டதில் முக்கியமானது கடைசிப் பாட்டு, 'டைம் ஆஃப் தி சீசன்'. 1969-இல் அமெரிக்க ஹிட் பட்டியலில் 3-ஆம் இடம் வரை போனது அந்தப் பாட்டுதான். அதை இணையத்திலிருந்து போட்டுக் காட்டினேன். தொடக்கத்தில் பேஸ் கிட்டார், ஒரு கைதட்டு, உடனே 'ஹா' என்று ஒரு மூச்சு. அந்த மூச்சு வரும்போதெல்லாம் வாத்தியார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஆக, பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், அது உங்கள் ரசனை. ஆனால் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஒரு ஸ்பீக்கரில், பாதி ஒலியில், கடைசிப் பாட்டு இல்லாமல் கேட்டதெல்லாம் கணக்கில் சேராது.

சரி, பரணில் பை வைத்திருப்பவர்களுக்கு. வெள்ளைப் பூஞ்சை தெரிகிற கேசட்டை எந்த மிஷினிலும் போடாதீர்கள். நாடாவும் போகும், அதே மிஷினில் அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நம் ஊர்ப் பரண் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, கேசட்டுகளை நிறுத்திவையுங்கள். மொட்டை மாடி வெயிலில் காயவைக்காதீர்கள், நாடா நெளிந்துவிடும். 2018 கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கத்திலிருந்து வந்த சிலவற்றைச் சேறு கெடுத்ததைவிட ஹேர் டிரையர்தான் அதிகம் கெடுத்திருந்தது. நனைந்தால் காய்ச்சி வடித்த நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள், போதும். கேசட் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிடுங்கள். பேரன் தெரியாமல் ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் அழியாது.

ஸ்பீக்கருக்கு எதிரே செல்போனை நீட்டிப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "காப்பி எடுத்தாச்சு" என்று கேசட்டைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். கைகூப்பிக் கேட்கிறேன்.

78 ரெக்கார்டு (நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டு) வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். பழைய 78 பெரும்பாலும் அரக்கு. ஸ்பிரிட்டில் துடைத்தால் கரையும். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை ஸ்பிரிட் போட்டுப் பளபளப்பாக்கி எடுத்துவந்தார் ஒரு புண்ணியவான். பளபளப்பு இருந்தது, தோடி இல்லை.

மழை நாளில் எதையும் தூக்கிக்கொண்டு வராதீர்கள், தை பிறந்ததும் வாருங்கள். 78 என்றால் பஸ்ஸில் மேலே ரேக்கில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். எந்த மிஷினில் போட்டுக் கேட்டீர்களோ, முடிந்தால் அதையும் எடுத்து வாருங்கள். ஹெட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.