சீரியல்: கோத்தலில் பிறந்த சொல்

காரைக்குடியில் மின்சாமான் கடை ஒன்றில் சீரியல் கேபிள் கேட்டேன். "கோயிலுக்கா, கல்யாண வீட்டுக்கா?" என்றபடியே கடைக்காரர் வண்ண விளக்குச் சரம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் தேடிப் போனதோ, நுண்கட்டுப்படுத்தி (மைக்ரோகன்ட்ரோலர்) என்னும் சிறு கணிப்புச் சில்லு பதித்த பலகையைக் கணினியோடு பேசவைக்கும் விரலளவு யுஎஸ்பி–சீரியல் அடாப்டருக்கான கம்பி. அவர்மேல் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் சீரியல் என்றால் மாலையில் தொலைக்காட்சியில் ஓடுவது, இல்லையேல் பந்தலில் தொங்குவது.

மூன்றுக்கும் வேர் ஒன்றே. 'செரெரெ' என்னும் இலத்தீன் வினைக்குக் கோத்தல், இணைத்தல் என்று பொருள். அதில் பிறந்த 'சீரீஸ்' என்னும் பெயர்ச்சொல்லின் வழியே வந்த 'சீரியல்', 19ஆம் நூற்றாண்டில் பகுதி பகுதியாக வெளிவந்த கதைகளுக்கு ஆங்கிலத்தில் பெயராயிற்று. தமிழும் இதே தடத்தில் நடந்து, கோத்தலிலிருந்து 'கோவை' என்னும் சொல்லை ஆக்கிக்கொண்டது. நகரத்தார் திருமணத்துக்கென்று கழுத்துரு என்னும் தாலியின் பொன் உருக்களை ஒவ்வொன்றாக மஞ்சள் கயிற்றில் கோப்பதை அருகிருந்து பார்த்தவருக்குத் தகவலைக் கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் தொடர்முறைத் தகவல் பரிமாற்றத்தை விளக்க வேறு உவமை தேவையில்லை.

'ஏ' என்னும் ஆங்கிலப் பெரிய எழுத்தைப் பலகை அனுப்புவதாகக் கொள்வோம். கணினிக் குறியீட்டில் அதன் எண் 65; 0, 1 என்னும் இரும இலக்கங்களில், அதாவது பிட்டுகளில், 01000001. சும்மா இருக்கையில் உயர் மின்னழுத்தத்தில் நிற்கும் கம்பி, முதலில் ஒரு பிட் நேரம் தாழ்ந்து தொடக்கத்தை அறிவிக்கும்; பின்பு 1, 0, 0, 0, 0, 0, 1, 0 என எட்டுப் பிட்டுகள் கடைசி இலக்கத்திலிருந்து தொடங்கி வரும்; முடிவில் மீண்டும் உயர்ந்து நிற்கும். ஆக, ஓர் எழுத்துக்குப் பத்துப் பிட்டுகள். 9600 பாட் (இங்கே நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 104 மைக்ரோ நொடி, நொடிக்கு 960 எழுத்துகள். ('பாட்' என்பது எமில் போதோ என்னும் பிரெஞ்சுத் தந்திப் பொறியாளரின் பெயரிலிருந்து வந்தது.) பலகை 115200இல் பேச, கணினி 9600இல் கேட்டால் திரையில் குப்பை எழுத்துகள்தாம் கொட்டும்.

சீரியல் நம்பர் 'வரிசை எண்' ஆகிவிட்டதால், சீரியல் போர்ட்டையும் 'வரிசைத் துறை' என்று எழுதிவிடத் தோன்றும். செட்டிநாட்டில் வரிசை என்றதும் பெண்ணுக்கு வைக்கும் சீர்வரிசைதான் நினைவுக்கு வரும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வரிசை என்பது நிற்கும் ஒழுங்கைச் சொல்கிறது, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருப்பதைச் சொல்வதற்குத் 'தொடர்' என்னும் சொல்லே பொருந்தும். தொலைக்காட்சித் தொடர், இயற்பியல் பாடநூலின் தொடரிணைப்பு, கணினியின் தொடர்துறை என மூன்றையும் அது தாங்கும்.

அடாப்டருக்குத் 'தகவி' என்று ஒரு சொல் உண்டு. அழகான சொல்தான், ஆயினும் இந்தக் கருவிக்கு 'மாற்றி' என்பதே சரி என்பேன். யுஎஸ்பி என்பதன் நடு எழுத்தும் சீரியலையே குறிக்கிறது. எனவே இரு பக்கமும் தொடர்முறைதான். ஒரு பக்கத்தில் கணினி கேட்டால் மட்டுமே தகவல் பொட்டலமாகப் போகும். மறுபக்கத்தில் பலகை தனக்குத் தோன்றியபோது பேசும். இவ்விரண்டு பழக்கங்களுக்கும் இடையில் உட்கார்ந்து ஒன்றை மற்றொன்றாக ஆக்கித் தருவதே சிஎச்340, எஃப்டி232 போன்ற சில்லுகளின் வேலை. பலகையில் ஓடும் நிரலின் பிழைகளைத் தேடிக் களையும் டீபக்கிங் என்பதற்கு 'வழுநீக்கம்' போதும். 'வழு' தொல்காப்பியர் ஆண்ட சொல்.

சொல்லைப் பற்றி இவ்வளவு யோசிக்கக் காரணம், என் மேசையில் புகைந்த ஒரு பலகை. 1960இல் வெளியான ஆர்எஸ்-232 என்னும் தொடர்முறை இணைப்பு நெறிப்படி ஓடும் கம்பியும் சீரியல்தான், நுண்கட்டுப்படுத்தியின் கால்களில் ஓடுவதும் சீரியல்தான். முன்னதில் மின்னழுத்தம் கூட்டல் 15 வோல்ட் முதல் கழித்தல் 15 வோல்ட் வரை போகலாம். பின்னது பெரும்பாலும் 3.3 அல்லது 5 வோல்ட். ஒன்பது முள் கொண்ட பழைய ஆர்எஸ்-232 கம்பியைச் "சீரியல்தானே" என்று 3.3 வோல்ட் பலகையில் நேராக இணைத்துவிட்டேன். இப்போது என் இழுப்பறையில் இரண்டு டப்பாக்கள் இருக்கின்றன. ஒன்றில் 'தொடர் மாற்றி, 3.3 வோல்ட்' என்றும் மற்றதில் 'தொடர் மாற்றி, ஆர்எஸ்-232' என்றும் ஒட்டியிருக்கிறேன்.